ஆர்33 ஸ்கைலைன்: காரை விட அதற்குள் இருந்த பெட்டிகள்தான் அதிகம் வேலை வாங்கின

நிஸான் ஸ்கைலைன் ஆர்33, ஜிடிஎஸ்25டி, 1996 மாடல். ஜப்பானில் ஒன்பது வருடம் ஓடி, 2005-ல் இங்கிலாந்துக்குக் கப்பலேறி, பல கை மாறி என்னிடம் வந்தது. லண்டனில் சில வருடங்களாக ஓட்டுகிறேன். 2.5 லிட்டர், வரிசையாக ஆறு சிலிண்டர், ஒரு டர்போ, 250 குதிரைத்திறன், பின்சக்கர இழுவை. எஞ்சினைப் பற்றி எழுத அதிகமில்லை. ஆயிலை நேரத்துக்கு மாற்றினால் அது பாட்டுக்கு ஓடுகிறது. துருவைப் பற்றி எழுதினால் அது தனிக் கட்டுரையாகிவிடும். இங்கே எழுதப்போவது கம்பெனி வைக்காத, யார் எப்போது வைத்தார்கள் என்றே தெரியாத மின்சாதனங்களைப் பற்றி. இந்தக் காரில் எனக்கு வந்த தொல்லைகளில் பெரும்பங்கு அவற்றால்தான்.

வாங்கும்போது கண்ணுக்குத் தெரிந்தவை மூன்று: ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு டர்போ டைமர் (சாவியை எடுத்த பிறகும் டர்போ ஆறுவதற்காக எஞ்சினைச் சற்று நேரம் ஓடவிடும் கருவி), டேஷ்போர்டில் சிவப்பாகச் சிமிட்டும் அலாரம் விளக்கு, பழைய ஆல்பைன் ஸ்டீரியோ. காதுக்குத் தெரிந்தது ஒன்று. சாவியைத் திருப்பினால் எங்கிருந்தோ ஒரு பெண் குரல் ஜப்பானிய மொழியில் பணிவாக ஏதோ சொல்லும். முதலில் ஸ்டீரியோதான் பேசுகிறது என்று நினைத்து அதைக் கழற்றி வைத்தேன். அப்போதும் பேசியது.

ஹாரோவில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் வேலை செய்யும் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணனிடம் காரைக் காட்டினேன். கொழும்பில் ரீகண்டிஷன் வாகனங்களோடு, அதாவது ஜப்பானில் ஓடி இறக்குமதியான பழைய வாகனங்களோடு, பல வருடம் மல்லுக்கட்டியவர். குரலைக் கேட்டதும் சிரித்தார். "தம்பி, ஈடிசி கார்ட் போடேல்லை எண்டு சொல்லுது. ஜப்பான் வாகனம் வச்சிருக்கிற ஆக்களுக்கு கொழும்பில இது மனப்பாடம்." ஈடிசி என்பது ஜப்பானின் சுங்கச்சாவடிக் கட்டணக் கருவி, 2001-ல் அங்கே நடைமுறைக்கு வந்தது. கார்டைச் செருகி வைத்தால் வண்டியை நிறுத்தாமலே சாவடியைக் கடக்கலாம். கார்டு இல்லாவிட்டால் நினைவூட்டும். எங்கள் பெட்டி கிளவ் பாக்ஸுக்கு மேலே, கையை உள்ளே விட்டுத் தடவினால் மட்டும் அகப்படும் இடத்தில் இருந்தது. சாவி போட்டால்தான் அதற்கு மின்சாரம். எனவே பேட்டரி இறங்குவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சத்தம் போடுவது ஒன்று, திருடுவது இன்னொன்று என்பது அப்புறம்தான் தெரிந்தது.

பேட்டரிதான் பெரிய பிரச்சினை. ஒரு வாரம் எடுக்காமல் விட்டால் ஸ்டார்ட்டர் 'டக்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு நின்றுவிடும். புதுப் பேட்டரி போட்டும் அதே கதை. ஆர்33-ல் பேட்டரி டிக்கியில் இருக்கிறது. நெகட்டிவ் வயரைக் கழற்றி, இடையே மல்டிமீட்டரை வைத்து, கதவுகளை மூடி, டிக்கி விளக்கின் பல்பையும் எடுத்துவிட்டு அரை மணி நேரம் காத்திருந்து பார்த்தோம். 380 மில்லியாம்பியர். இந்த வயதுக் காருக்கு 50-க்குள் இருந்தால் கவலையில்லை. 45 ஆம்பியர்-மணி பேட்டரியில் 380 மில்லியாம்பியர் ஓயாமல் போனால் ஐந்து நாளில் மொத்தமும் காலி. ஸ்டார்ட்டர் அதற்கு வெகு முன்பே கைவிரித்துவிடும்.

வழக்கமான முறை ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குவது. எதைப் பிடுங்கும்போது அளவு குறைகிறதோ அந்தப் பக்கம் ஓட்டை. நாங்கள் உள்ளே இருக்கும் ஃபியூஸ் பாக்ஸையே காலி செய்தோம். மீட்டர் ஏறக்குறைய அசையவில்லை. எரிச்சலாக இருந்தாலும் அன்றைக்குக் கிடைத்த நல்ல தடயம் அதுதான். மின்சாரம் கம்பெனி ஃபியூஸ்கள் வழியாகப் போகவே இல்லை. அதாவது யாரோ பேட்டரியிலிருந்தோ சாவி சுவிட்சின் பின்னாலிருந்தோ நேராக வயர் இழுத்திருக்கிறார்கள். பழைய இறக்குமதிக் காரில் பேட்டரி இறங்குகிறது என்று யாராவது கேட்டால், ஃபியூஸ் பாக்ஸோடு நிறுத்தாதீர்கள் என்பதுதான் நான் முதலில் சொல்வது.

பேட்டரி பாசிட்டிவ் முனையைச் சுற்றியிருந்த கருப்பு டேப்பைப் பிரித்தால் உள்ளே மூன்று கூடுதல் வயர்கள். ஒன்று டிக்கியின் பக்கத்துத் தகட்டுக்குப் பின்னால் போனது. தகட்டைக் கழற்றியபோது வெளியே நல்ல குளிர், கைவிரல்கள் விறைத்திருந்தன. உள்ளே இருந்த வெள்ளி நிறப் பெட்டியைத் தொட்டால் இதமான சூடு! மூன்று நாளாக நின்ற இடத்தை விட்டு நகராத கார். பெட்டியின் ஜப்பானிய எழுத்தைக் கைபேசியில் படமெடுத்து மொழிபெயர்த்ததில் 'டிவி டியூனர்' என்று வந்தது. முதல் சொந்தக்காரர் நேவிகேஷன் திரையில் டிவி பார்க்க வைத்தது. திரையை யாரோ இங்கே கழற்றி விற்றிருக்கிறார்கள், டியூனரை விட்டுவிட்டார்கள். புது ஸ்டீரியோ மாட்டியவர் சாவி போட்டால் மட்டும் உயிர் பெற வேண்டிய சிவப்பு வயரையும் எப்போதும் உயிரோடிருக்கும் மஞ்சள் வயரையும் சேர்த்து முறுக்கியிருந்தார். ஆகவே டியூனருக்கு ராத்திரி பகல் கிடையாது. ஜப்பானில் அனலாக் டிவி ஒளிபரப்பே 2011-12-ல் நின்றுபோயிற்று. இல்லாத ஒளிபரப்பை, இல்லாத திரைக்காக, வேறொரு நாட்டில் உட்கார்ந்து தேடிக்கொண்டிருந்திருக்கிறது பாவம். அதைத் துண்டித்ததும் மீட்டர் 170-க்கு இறங்கியது.

மீதியைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு, ஏனென்றால் அது அலாரம். இங்கே இன்ஷூரன்ஸ்காரர்கள் இப்படிப்பட்ட கார்களுக்குத் தாட்சம் (Thatcham, காப்பீட்டுத் துறையின் சோதனை நிறுவனம்) முதல் வகை என்று சான்றளித்த அலாரம் கேட்பது வழக்கம். திருடன் வயரைப் பின்தொடரக் கூடாது என்பதற்காக அதன் வயர்கள் எல்லாமே கருப்பு. திருடனுக்கு மட்டுமா கஷ்டம்? ஸ்டீயரிங்குக்கு அடியில் தலைகீழாகப் படுத்து, ஒரே கருப்பில் இருக்கும் கட்டுக்குள் கண்ணுக்கே தெரியாத எண்களை டார்ச் அடித்துப் படித்தவர்களுக்குத்தான் அந்த வேதனை தெரியும். சரி, குற்றவாளி மூளைப் பெட்டி அல்ல, சைரன். திருடன் பேட்டரியைத் துண்டித்தாலும் கத்த வேண்டும் என்று சைரனுக்குள்ளேயே சின்ன பேட்டரிகள் வைத்திருப்பார்கள். பத்து வருடத்துக்கு மேல் ஆனால் அவை செத்துவிடும். செத்ததற்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டே இருப்பதால் கார் பேட்டரி இறங்கும். போதாக்குறைக்கு நடுராத்திரியில் காரணமில்லாமல் அலறவும் செய்யும். முன்பு என் தெருவே என்னைத் திட்டியதற்குக் காரணம் இதுதான். சைரனை மட்டும் புதிதாக மாற்றினோம். மீட்டர் இப்போது 45. வாரக்கணக்கில் நிறுத்திவிட்டு வந்தாலும் சாவியைத் திருப்பினால் உடனே பிடிக்கிறது.

அடுத்தது ஐடில், அதாவது கார் நிற்கும்போது எஞ்சின் சுழலும் வேகம், ஏறி இறங்கும் கோளாறு. சிக்னலில் நிற்கும்போது பக்கத்து சீட்டில் இருக்கும் என் மனைவி காலை நீட்டி வைத்தால் எஞ்சின் ஒரு குலுக்குக் குலுக்கும். அவள்தான் இதைக் கவனித்துச் சொன்னாள். நான் சிரித்தேன், அவள் வேண்டுமென்றே இடது பக்கத் தகட்டை ஒரு உதை விட்டுக் காட்டினாள், எஞ்சின் நின்றேவிட்டது. ஆர்33-ல் இசியு, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி, இருப்பது சரியாக அங்கேதான், இடது காலருகே தகட்டுக்குப் பின்னால். கழற்றிப் பார்த்தால், காற்று அளவைச் சொல்லும் சென்சாரிலிருந்து வரும் வயரை யாரோ நடுவில் வெட்டி, இரண்டு மெல்லிய வயர்களைச் சேர்த்து, தரைவிரிப்புக்கு அடியில் கொண்டுபோய்ச் சேர்த்து முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். டேப்பின் பசை உருகி விரலில் கருப்பாக ஒட்டியது.

அங்கே முன்பு எரிபொருள் கண்ட்ரோலர் ஒன்று இருந்திருக்க வேண்டும். சென்சாரின் வோல்டேஜை நடுவழியில் பிடித்து, கொஞ்சம் குறைத்தோ கூட்டியோ இசியுவுக்கு அனுப்பும் வகை. பூஜ்யத்திலிருந்து ஐந்து வோல்ட்டுக்குள் ஓடும் சிக்னல் அது. குறைத்துச் சொன்னால் இசியு 'காற்று குறைவு' என்று நம்பி பெட்ரோலைக் குறைக்கும், அதோடு இக்னிஷன் டைமிங்கையும் முன்னுக்குத் தள்ளும். இந்த இரண்டாவது விஷயத்தை யோசிக்காமல் குமிழைத் திருகித்தான் பல எஞ்சின்கள் வீணாகின்றன. பெட்டியை விற்றவர் அறுத்த வயரை ஒழுங்காகச் சேர்க்காமல் போய்விட்டார். முறுக்கில் தொடுகை தளரும்போதெல்லாம் இசியுவுக்குத் தப்பான கணக்கு. அண்ணன் நடுவிலிருந்த துண்டை எடுத்துவிட்டு, அசல் வயரைச் சால்டர் வைத்துச் சேர்த்து, மேலே சுருங்கும் ட்யூப் போட்டார். குலுக்கல் போனது. வெளிப்பெட்டிகளை நான் இரண்டாகப் பிரித்துப் பார்க்கக் கற்றது இங்கேதான். வயரில் ஒட்டிக்கொண்டு மின்சாரம் உறிஞ்சுபவற்றைத் துண்டித்தால் கார் ஓடும். வயரை வெட்டி நடுவில் உட்கார்ந்திருப்பவற்றைப் பிடுங்கினால் கார் நிற்கும். இது தெரியாமல் கத்தரிக்கோலை எடுக்கவே கூடாது.

நடுவில் உட்கார்ந்திருந்த இன்னொன்று வேகமானிக்குப் பின்னால் கிடைத்தது. ஜப்பானில் கிலோமீட்டர், இங்கே மைல். அதற்காக இறக்குமதி செய்தவர் வேக சிக்னலை 1.609-ஆல் வகுக்கும் தீப்பெட்டி அளவுக் கருவி ஒன்றைச் சேர்த்திருந்தார். நீலப் பிளாஸ்டிக் கிளிப்பால் கடித்து இணைத்த வயர், மழைக்காலத்தில் முள் நடுங்கும். கிளிப்பை மாற்றியதும் நடுக்கம் நின்றது. ஆனால் இந்தக் கருவியால் வேறு இரண்டு விளைவுகள் உண்டு. ஜப்பானியக் கார்களுக்கு 180 கிலோமீட்டரில் வேக வரம்பு வைத்திருப்பார்கள், அதற்கு மேல் இசியு விடாது. சிக்னல் வகுக்கப்பட்டுப் போவதால் அந்த வரம்பு இசியுவின் கண்ணில் 180 மைலுக்குத் தள்ளிப்போய்விடுகிறது, அதாவது கிட்டத்தட்ட 290 கிலோமீட்டர். சட்டப்படி 70 மைலுக்கு மேல் போக முடியாத நாட்டில் இது யாருக்கும் பயனில்லை. இரண்டாவது, ஓடிய தூரக் கணக்கு. 2005 வரை கிலோமீட்டரில் ஏறிய எண்ணின் மேலேயே அதற்குப் பிறகு மைல் ஏறிக்கொண்டிருக்கிறது. மொத்த எண்ணுக்கு எந்த அளவிலும் பொருளில்லை. அரசு இணையத்தில் இலவசமாகப் பார்க்கக் கிடைக்கும் எம்ஓடி (இங்கே கார்களுக்கு வருடாந்தரத் தகுதிச் சோதனை) பதிவுகளை வைத்துத்தான் உண்மையான தூரத்தைக் கூட்டிப் பார்த்தேன்.

டர்போ டைமரைப் பற்றிக் கெட்டதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு வயரையும் வெட்டாமல், சாவி சுவிட்ச் கனெக்டருக்கு நடுவே அழகாகச் செருகியிருந்தார்கள். எடுத்துவிட்டு அசல் கனெக்டரைச் சேர்க்க இரண்டே நிமிடம். ஜப்பானில் செய்த வேலை பொதுவாக இப்படித்தான் சுத்தமாக இருந்தது. அலங்கோலம் பெரும்பாலும் இங்கே வந்த பிறகு நடந்தது. இருந்தாலும் கழற்றிவிட்டேன். இந்த எஞ்சினின் டர்போவுக்கு ஆயிலோடு தண்ணீர்க் குளிர்விப்பும் இருக்கிறது, கடைசி இரண்டு மைலை மெதுவாக ஓட்டினாலே போதும். சாவி இல்லாமல் எஞ்சின் ஓடும் காரைத் தெருவில் விட்டுப் போவது இங்கே சட்டத்துக்கும் ஒத்துவராது.

டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றழுத்தத்தை மாற்றும் பூஸ்ட் கண்ட்ரோலரைக் கண்டுபிடித்தது வயரால் அல்ல, ரப்பர்க் குழாயால். டர்போவிலிருந்து போகும் குழாயை விரலால் தொடர்ந்து போனால் கம்பெனி சோலனாய்டுக்கு (மின்சாரத்தில் இயங்கும் வால்வு) பதில் வேறொன்று. அதன் முகப்பு சாம்பல் தட்டுக்குப் பின்னால் இருந்தது, 0.95 பாரில் வைத்திருந்தார்கள். கம்பெனி அளவு சுமார் 0.5. இந்த டர்போவின் புகைப்பக்கச் சக்கரம் பீங்கான் வகை. 0.8-ஐத் தாண்டி அடிக்கடி ஓட்டினால் அது தண்டிலிருந்து கழன்று பறப்பதாகப் பேர் பெற்றது. பெட்டியை வைத்துக்கொண்டேன், 0.7-க்கு இறக்கிவிட்டேன். ஓட்டுவதில் பெரிய இழப்பு தெரியவில்லை. நிம்மதி தெரிகிறது.

செலவில் பொருள் என்று பார்த்தால் சைரன் ஒன்றுதான். மற்றதெல்லாம் கூலியும் பொறுமையும். ஈடிசி பெட்டியைக் கழற்றுவதாக இல்லை. அண்ணன் அதைப் பேசவைத்துச் சிரிக்க ஒரு சாக்கு வேண்டும் என்கிறார். எல்லாம் முடிந்து இன்ஷூரன்ஸுக்குப் போன் செய்து மாற்றங்களின் பட்டியலைப் புதிதாகச் சொன்னேன். நான் வாங்கும்போது கொடுத்த பட்டியலில் பூஸ்ட் கண்ட்ரோலர் இல்லை, எனக்கே தெரியாதே. பிரீமியம் சற்று ஏறியது. அலாரம் வேலை செய்கிறது என்பதற்குச் சைரன் மாற்றிய ரசீதை அனுப்பச் சொன்னார்கள், அனுப்பிவிட்டேன். இறக்குமதியின்போது பின் பம்பரில் சேர்த்த ஃபாக் விளக்கின் வயரை மட்டும் இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை. அதுவும் நீலக் கிளிப்தான். எம்ஓடிக்கு முன்னால் மாற்ற வேண்டும்.