பெக்கோ வேலை பழகுபவருக்கு ஹைட்ரோலிக் கேஜ் பெட்டி வாங்கலாமா?

மெஷினின் ஓயில் அழுத்தத்தை அளக்கும் கேஜ்கள், ஹோஸ்கள், அடாப்டர்கள் அடங்கிய பெட்டி இது. கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைப் பக்கம் கிடைக்கும் சீனத் தயாரிப்பைத்தான் சொல்கிறோம். கனரக இயந்திர வேலை பழகி, என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) பயிற்சிக்காகக் கராஜுக்குப் போகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆனால் பெட்டியைத் திறந்த கையோடு மெஷினில் பூட்ட வேண்டாம்.

கேஜ்கள் மோசமில்லை. ஒரே டீயில் (T வடிவ இணைப்பில்) இரண்டைப் பூட்டிப் பார்த்து, முள்கள் 10 பாருக்கு (பார் என்பது அழுத்த அலகு) மேல் விலகினால் கடையிலேயே மாற்றி வாங்குங்கள். கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகள்தான் மட்டம். சூடான ஓயிலில் சீக்கிரம் இறுகிக் கசியும். நல்லதாக ஒரு செட் தனியே வாங்கி மாற்றுங்கள்.

பெரிய சிக்கல் அடாப்டர்களில். கொமட்சு பி.சி. 200 பெக்கோவின் பம்ப் அழுத்தம் பார்க்கும் துளை 10 மில்லிமீற்றர், புரி இடைவெளி 1.25 மில்லிமீற்றர். பெட்டியில் கிடக்கும் 1/8 பி.எஸ்.பி. (பிரித்தானியக் குழாய்ப் புரி) அடாப்டரின் விட்டமோ 9.7 மில்லிமீற்றர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரு சுற்று இலகுவாகப் போகும், பிறகு இறுகும். அந்த இடத்தில் ஸ்பானரைப் போட்டால் பம்பின் புரி போச்சு! புரி அளக்கும் கேஜ் ஒன்றும் கூடவே வாங்குங்கள்.

பூட்டுமுன் பக்கெட்டை நிலத்தில் வைத்து, எஞ்சினை நிறுத்தி, சாவியை ஒன் நிலையில் விட்டு லீவர்களை நாலாபக்கமும் ஆட்டுங்கள். டாங்கி மூடியையும் தளர்த்தி அழுத்தத்தை விடுங்கள். ஸ்டார்ட் செய்த பின் கசிவைத் தேட மட்டை அட்டை போதும், கை வேண்டாம். ஊசித்துளைக் கசிவு தோலைத் துளைத்து ஓயிலை உள்ளே ஏற்றினால் நேரே ஆஸ்பத்திரிதான்.

ஓயில் 45 முதல் 55 பாகை வரை சூடேறிய பிறகே அளக்க வேண்டும். மெயின் லைனுக்கு 600 பார் கேஜ்; அங்கே ரிலீஃப் (அழுத்தம் எல்லை மீறாமல் திறந்துவிடும் வால்வு) சுமார் 350 பார். அதையே பைலட் லைனில் (லீவர்களிலிருந்து வால்வுகளை இயக்கும் குறைந்த அழுத்த லைனில்) போட்டால் 33 பாருக்கு முள் அசைந்தும் அசையாமலும் நிற்கும், அதற்குச் சின்னக் கேஜ் வேண்டும். எல்லா அசைவிலும் அழுத்தம் குறைந்தால் மெயின் ரிலீஃபையோ பம்பையோ பாருங்கள். ஆர்மில் (பக்கெட்டைத் தாங்கும் கையில்) மட்டும் குறைந்தால் அதற்கென உள்ள போர்ட் ரிலீஃப் வால்வையோ சிலிண்டர் சீலையோ பாருங்கள். அழுத்தம் சரியாக இருந்தும் எஞ்சின் திணறினால் டீசல் ஃபில்டரை முதலில் மாற்றுங்கள். அதைச் செய்யாமலே பம்பை இறக்கிவிடுகிற பாஸ்மார் கொழும்பில் நிறைய.

ஹோஸ் முனைகளுக்கு மூடி தரவில்லை. பொலித்தீன் சுற்றியாவது வையுங்கள். உள்ளே போகும் மணல் அடுத்த மெஷினின் வால்வுக்குத்தான் போகும்.