எல்.எம். கைடு சத்தம் போட்டால்: ஏழு வருஷ ரவுட்டர் அனுபவம்

எங்களிடம் இருப்பது எட்டுக்கு நாலு அடி மேஜையுள்ள சி.என்.சி. மர ரவுட்டர், அதாவது கம்ப்யூட்டர் சொல்கிறபடி மரத்தைச் செதுக்கி வெட்டும் மெஷின். கோயம்புத்தூர் கணபதியில் ஒரு வாடகை ஷெட்டில் 2017 ஆகஸ்டில் இறக்கினோம். தேக்கு, வேம்புக் கதவுகளில் கார்விங் பாதி வேலை, எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) ஜாலி வெட்டுவது மீதிப் பாதி. எல்.எம். கைடு என்பது எஃகு ரெயிலும் அதன் மேல் குண்டுகளில் நேர்கோட்டில் ஓடும் பிளாக்கும் சேர்ந்தது. எங்களுக்கு நீளவாட்டில் 25 அளவு எல்.எம். ரெயில் இரண்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு பிளாக். அந்த நான்கு பிளாக்தான் மொத்த கேன்ட்ரியையும் (வெட்டும் தலையைத் தாங்கி மேஜைக்குக் குறுக்கே நிற்கும் பாலம்) சுமந்து ஓடுகின்றன.

ஏழு வருஷத்தில் இந்தக் கைடு மூன்று முறை சத்தம் போட்டது. மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. ஒவ்வொரு முறையும் எனக்கு முதலில் வந்த ஆலோசனை மட்டும் ஒன்றே: "ரெயில் போச்சு, செட்டோட மாத்திடுங்க." இன்றுவரை ரெயிலை மாற்றவில்லை. ஒரே ஒரு பிளாக் மாற்றியிருக்கிறேன். சத்தம் கேட்டதும் பணத்தை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடவிருக்கும் சின்ன ஒர்க்‌ஷாப்காரர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நல்ல கைடும் சத்தம் போடும். பிளாக்குக்குள் இருக்கும் சின்ன எஃகுக் குண்டுகள் ரெயில் பள்ளத்தில் உருண்டு, முனை மூடியில் திரும்பி, மேலே உள்ள துளை வழியாகப் பின்னால் போய் மறுபடி பள்ளத்தில் இறங்குகின்றன. ஜப்பானின் டிஎச்கே நிறுவனம் 1972-ல் எல்.எம். கைடைக் கொண்டுவந்த காலத்திலிருந்தே அடிப்படை இதுதான். வேகமாக ஓடும்போது குண்டுகள் திரும்பும் அந்த 'ஸ்ஸ்ஸ்' சத்தம் இயல்பானது. குண்டுகளுக்கு நடுவே இடைவெளி காக்கும் பிளாஸ்டிக் கூடு வைத்த வகைகளில் இது நன்றாகக் குறைந்திருக்கும். கூடு இல்லாவிட்டால் பக்கத்துப் பக்கத்துக் குண்டுகள் எதிரெதிராக உரசிக்கொள்ளும். எங்களுடையது கூடு இல்லாத வகை. மெஷின் நன்றாக ஓடும் நாளில் முழு நீளத்துக்கும் ஒரு தடவை ஓடவிட்டுச் சத்தத்தை போனில் பதிவு செய்து வைத்திருக்கிறேன். சந்தேகம் வரும்போதெல்லாம் அதைத்தான் போட்டுக் கேட்பேன். இதற்கு ஒரு பைசா செலவில்லை, முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

முதல் தொல்லை 2018 கடைசியில் வந்தது. காலையில் மெஷினை ஆன் செய்ததும் கிறீச்சென்று ஒரு சத்தம். பத்து நிமிஷம் ஓடினால் குறையும், மத்தியானம் திரும்ப வரும். எம்.டி.எஃப். தூசு எவ்வளவு மோசம் என்று அப்போதுதான் தெரிந்தது. மரச்சுருள் பெரிது, பிளாக்கின் முனையில் ரெயிலைத் துடைத்துக்கொண்டே போகும் வைப்பர் சீல் அதைத் தள்ளிவிடும். எம்.டி.எஃப். தூசு மாவு போன்றது. ரெயில் மேல் இருக்கும் கிரீஸில் உள்ள எண்ணெயை உறிஞ்சிக் களிம்பாகிவிடும், சீலின் உதடு காய்ந்த இரும்பில் தேயும். அதோடு நான் செய்த இரண்டு தப்புகளும் சேர்ந்துகொண்டன. தினமும் சாயங்காலம் கம்ப்ரஸர் காற்றால் பிளாக்கைச் சுற்றி ஊதினேன். அது தூசைச் சீலுக்கு உள்ளேயே அனுப்பியது. லாரி வேலைக்கு வாங்கும் கறுப்பு மாலிப்டினம் கிரீஸ் அடித்தேன். கிராஃபைட், மாலிப்டினம் போன்ற திடத்தூள் கலந்த கிரீஸ் வேண்டாம் என்றுதான் கைடு தயாரிப்பாளர்கள் பலரும் சொல்கிறார்கள். சாதாரண லித்தியம் சோப்பு கிரீஸ், கெட்டித்தன்மையில் இரண்டாம் நம்பர், போதும்.

பிளாக்கில் கிரீஸ் ஏற்றும் நிப்பிளில் புது கிரீஸை இரண்டு அழுத்து அழுத்துவது, கேன்ட்ரியைக் கையால் இரண்டடி முன்னும் பின்னும் தள்ளுவது, வெளியே வரும் கறுப்பைத் துணியால் துடைப்பது, மறுபடி அழுத்துவது. சீலோரம் வருவது வெளிர் நிறமாகும்வரை செய்தேன். நான்கு பிளாக்குக்கும் ஒரு மத்தியானம் ஆனது. கிறீச் அன்றே போய்விட்டது. காற்று ஊதுவதை நிறுத்தி, வேக்குவமும் பிரஷும் வைத்துவிட்டோம்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை கிரீஸ் என்பதைக் காலண்டரை வைத்து முடிவு செய்யாமல் ஓடிய தூரத்தை வைத்துப் பாருங்கள். 100 கிலோமீட்டருக்கு ஒருமுறை என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. எங்கள் கேன்ட்ரி சராசரியாக நிமிஷத்துக்கு 6 மீட்டர், ஒரு நாளில் சுமார் 5 மணி நேரம் உண்மையிலேயே நகர்கிறது என்றால் 1.8 கிலோமீட்டர். அந்தக் கணக்கில் 55 வேலை நாள். இது சுத்தமான இடத்துக்கு. எம்.டி.எஃப். வெட்டும் எங்களுக்கு இரண்டு வாரம்தான் சரிப்படுகிறது.

இரண்டாவது தொல்லை 2020-ல் ஷெட் மாறியபோது. பின்பக்கம் கடைசி இரண்டடியில் மட்டும் ஒரு உறுமல். கேன்ட்ரியைத் தள்ளினால் அங்கே கை கனக்கும். ஒரே இடத்தில், போகும்போதும் வரும்போதும், நாள் மாறினாலும் அதே இடத்தில் வந்தால் சந்தேகப்பட வேண்டியது ரெயில் உட்கார்ந்திருக்கும் விதத்தை. நுண்ணிய விலகலை முள்ளால் காட்டும் டயல் கேஜை ஒரு பக்கப் பிளாக்கில் கட்டி எதிர் ரெயிலின் பக்கவாட்டில் ஓட்டினேன். முன்பக்கம் முள் அசையவே இல்லை, பின்பக்கம் 0.08 மி.மீ. போனது. இந்த அளவு கைடுக்கு, முன்சுமை (ஆட்டம் வராமலிருக்க உள்ளேயே வைத்திருக்கும் இறுக்கம்) வகையைப் பொறுத்து 20 முதல் 30 மைக்ரான், அதாவது 0.02 முதல் 0.03 மி.மீ. வரைதான் இரண்டு ரெயிலின் இணைத்தன்மையில் பிழை இருக்கலாம். அதைப் போல மூன்று மடங்கு. ஆனால் ரெயில் வளையவில்லை. புதுத் தரையில் ஒரு கால் சரியாக ஊன்றாமல் சட்டமே முறுக்கிக்கொண்டிருந்தது. மீட்டருக்கு 0.02 மி.மீ. காட்டும் லெவல் ஒன்றை இரவல் வாங்கி முதலில் கால்களைச் சரிசெய்தேன். அதிலேயே முக்கால்வாசி சரியானது. பிறகு இரண்டில் துணை ரெயிலின் (மற்றதற்கு இணையாக ஒத்துவைக்கும் ரெயில்) போல்ட்டுகளைத் தளர்த்தி, கேன்ட்ரியை நாலு தடவை முழு நீளம் ஓட்டி, அது தானாக நிற்கும் நிலையில், நடுவிலிருந்து இரண்டு பக்கமாக எம்6 போல்ட்டுகளை 13.7 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினேன். இது இரும்புச் சட்டத்துக்கான அளவு. அலுமினியச் சட்டம் வைத்திருப்பவர்கள் இதில் பாதி அளவில் நிறுத்த வேண்டும், இல்லையென்றால் மரை பிய்த்துக்கொண்டு வரும்.

மூன்றாவது தொல்லைதான் என்னை உண்மையாகவே வாட்டியது. 2022 மார்ச், முப்பது கதவு ஆர்டர் கையில். 'டிக்' என்று ஒரு சத்தம், நகம் வெட்டுவது போல. முதலில் கேன்ட்ரியை நகர்த்தும் ரேக்கையும் (பல் வைத்த நீளப் பட்டை) பினியனையும் (அதில் உருளும் மோட்டார் பல்சக்கரம்) சந்தேகப்பட்டேன். மெஷினை ஆஃப் செய்து இரண்டு பக்க மோட்டார் பிளேட்டையும் தளர்த்தி, பினியனை ரேக்கிலிருந்து விலக்கி, கேன்ட்ரியைக் கையால் தள்ளினேன். டிக் அப்படியே இருந்தது. ஆக மோட்டார், கியர் பாக்ஸ், ரேக் எதுவும் இல்லை. இந்த ஒரு சோதனையை எல்லோரும் முதலிலேயே செய்துவிட வேண்டும் என்பது என் அபிப்பிராயம். நீண்ட ஸ்குரூடிரைவரின் முனையை ஒவ்வொரு பிளாக்கின் மேலும் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். பையன் கேன்ட்ரியை மெதுவாகத் தள்ளினான். இடப்பக்கப் பின் பிளாக்கில் சத்தம் பளிச்சென்று கேட்டது.

ஆனால் டிக் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் வந்தது. அப்படியானால் ரெயிலில்தானே பழுது? டார்ச் அடித்துப் பார்த்தேன், நகத்தால் பள்ளத்தை வருடினேன். வழவழவென்று இருந்தது. பஞ்சாலை மெஷின்கள் கட்டி ஓய்வுபெற்ற ஒரு ஃபிட்டர் அண்ணன் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். அவரைக் கூட்டி வந்தேன். ஐந்து நிமிஷம் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"தம்பி, டிக் வர்ற எடத்துல இன்னைக்குச் சாக்பீஸ்ல கோடு போடுங்க. நாளைக்கு சாயங்காலம் இன்னொருக்கா போடுங்க. ரெண்டும் ஒரே எடத்துல நின்னா ரெயிலு. நகுந்திருந்துச்சுன்னா பிளாக்குங்க."

"சரிங்ணா. அதுவரைக்கும் வேலை ஓட்டலாமுங்களா?"

"மெதுவா ஓட்டுங்க. ஓட்டுனாத்தான் நகரும்."

முதல் நாள் ரெயில் முனையிலிருந்து 640 மி.மீ., 950 மி.மீ. இரண்டிலும் டிக். மறுநாள் சாயங்காலம் 700, 1010. இடம் நகர்ந்துவிட்டது, இடைவெளி மட்டும் அதே 310. அன்று அந்தக் கோடுகளைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லி முடியாது. மர டிப்போவில் உருளைகள் மேல் அடிமரத்தைத் தள்ளிப் பார்த்தவர்களுக்கு இது புரியும்: மரம் இரண்டடி போனால் கீழே உருளை ஓரடிதான் போகும். இங்கேயும் அப்படித்தான். பிளாக் போகும் தூரத்தில் பாதிதான் குண்டு போகிறது. ஆகவே பிளாக்குக்குள் குண்டுகள் சுற்றும் பாதை 155 மி.மீ. என்றால், கெட்ட குண்டு ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி பள்ளத்தில் இறங்க பிளாக் 310 மி.மீ. ஓடியாக வேண்டும். 84 மி.மீ. நீளமுள்ள பிளாக்குக்கு 155 சரியாகப் பொருந்தி வருகிறது. முன்னும் பின்னும் ஒரே அளவு ஓடும்போது குண்டும் போன வழியே திரும்பிவிடும், அதனால்தான் டிக் ஒரே இடத்தில் வருவது போல ஏமாற்றியது. குண்டுகளுக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி இருப்பதாலும் லேசாகச் சறுக்குவதாலும் நாள்போக்கில் அது இடம் மாறுகிறது.

பிளாக்கைக் கழற்றும்போது ஒரு தவறு நடந்தது. வெறும் முனையில் உருவினோம், கொஞ்சம் சாய்ந்ததும் பதினொரு குண்டுகள் தரையில் கொட்டின. புதுப் பிளாக்குக்குள் வரும் பிளாஸ்டிக் பட்டையை ரெயில் முனையோடு ஒட்டிவைத்து, பிளாக்கை அதன் மேல் நகர்த்தித்தான் எடுக்க வேண்டும். பட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். கொட்டிய குண்டுகளைக் கழுவிப் பார்த்தபோது ஒன்றில் மட்டும் தோல் உரிந்தது போல ஒரு சில்லு போயிருந்தது. அந்த ஒன்றை மட்டும் கடையில் வாங்கிப் போட்டால் என்ன என்று தோன்றும். வேண்டாம். பிளாக்கின் முன்சுமையே குண்டின் விட்டத்தில் சில மைக்ரான் கூட்டிக் குறைத்துத்தான் வருகிறது. ஒரு குண்டு பெரிதாகிவிட்டால் சுமை முழுக்க அதன் தலையில் விழும்.

புதுப் பிளாக் வாங்கும்போது அளவு மட்டும் சொல்லக் கூடாது. பழைய பிளாக்கில் பொறித்திருக்கும் முழு எழுத்தையும் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். உயரம், அகலம், முன்சுமை மூன்றும் ஒத்துப்போக வேண்டும். முதலில் போன கடையில் கொடுத்தது பெட்டியில் பேர்போன கம்பெனியின் பெயரோடு வந்த போலி. பொறிப்பு மங்கல், ரெயிலில் ஏற்றியதும் ஆட்டம். திருப்பிக் கொடுத்துவிட்டு அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் வாங்கினேன். மாற்றியபின் மூன்று நாள் அந்தப் பிளாக் மட்டும் கொஞ்சம் இறுக்கமாக ஓடியது, கிரீஸ் ஊறியதும் சரியாகிவிட்டது. முப்பது கதவும் நாள் தவறாமல் போயின.

கைடு பற்றி என் மதிப்பீட்டைக் கேட்டால், ஏழு வருஷம் எம்.டி.எஃப். தூசில் உழைத்து, நான்கில் மூன்று பிளாக் இன்னும் முதல் நாள் போட்டவையாகவே ஓடுகின்றன. எனக்கு முழுத் திருப்தி. குறை என்று பார்த்தால் சீல்தான். தூசுள்ள வேலைக்கு இரட்டைச் சீல் வகையைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். மெஷின் விற்பவர்கள் அதைத் தாமாகச் சொல்வதில்லை. அடுத்த மெஷினுக்கு இரட்டைச் சீலும், குண்டுகளுக்குக் கூடு வைத்த பிளாக்கும் கேட்கப் போகிறேன்.

போன மாதம் வலப்பக்க முன் பிளாக்கில் லேசாக ஏதோ கேட்டது போல இருந்தது. போன் பதிவைப் போட்டு ஒப்பிட்டேன், வித்தியாசம் தெரியவில்லை. இருந்தாலும் ரெயில் பக்கத்தில் சாக்பீஸ் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.