திரையில் கோடு விழுந்தால்: டிரைவரா, கேபிளா, கரன்ட்டா, கார்டா?

கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்துப்போய் ஃபேன் மட்டும் முழு வேகத்தில் இரைவது ஒரு வகை. திரையெங்கும் பச்சையும் ஊதாவுமாகக் கட்டங்கள் பூப்பது இன்னொரு வகை. இரண்டு நொடி உறைந்து, கேம் மூடிக்கொண்டு டெஸ்க்டாப்பில் வந்து நிற்பது மூன்றாவது. மூன்றையும் சேர்த்து "கார்டு போச்சு", அதாவது படம் வரையும் கிராஃபிக்ஸ் கார்டு கெட்டுவிட்டது என்று சொல்லிவிடுவது நம் பக்கத்தில் பழகிப்போன பேச்சு. போனது கார்டுதான் என்று முடிவுகட்டும் முன் செலவில்லாத வழிகள் நிறைய இருக்கின்றன. அவற்றில் எது உங்கள் கோளாறுக்குப் பொருந்தும், எது வீண்வேலை என்பதை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்போம்.

முதலில் இரண்டு சோதனை. திரையில் கட்டமோ கோடோ தெரியும்போது ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்தப் படத்தை போனுக்கு அனுப்பிப் பாருங்கள். போனில் படம் சுத்தமாக இருந்தால் கோளாறு கார்டை விட்டு வெளியே வந்த பிறகுதான்: கேபிள், போர்ட், மானிட்டர். போனிலும் கோடு தெரிந்தால் டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்), விரேம் (கார்டின் மெமரி), கோர் (கார்டின் முதன்மைச் சிப்) மூன்றில் ஒன்று. அடுத்து, கணினியை அணைத்துப் போட்டு பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் ஏறும் முன் வரும் அமைப்புத் திரைக்குள் போங்கள். அங்கேயே கட்டம் விழுந்தால் விண்டோஸையோ டிரைவரையோ குறை சொல்ல வழியில்லை, ஏனென்றால் இரண்டும் அப்போது ஓடவே இல்லை. ஆனால் பயாஸ் சுத்தமாக இருப்பதை வைத்து கார்டு நல்லது என்று முடிவுகட்டாதீர்கள். பயாஸ் திரைக்கு கார்டு செய்யும் வேலை மிகக் குறைவு.

படமே வரவில்லை என்றால், கேபிள் மதர்போர்டில் செருகியிருக்கிறதா, கார்டிலா என்று பாருங்கள். ஐ5 12400எஃப் போல 'எஃப்' முடிவுள்ள இன்டெல் பிராசசரிலும், ரைசன் 5 5600-லும் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. மதர்போர்டு போர்ட்டில் செருகினால் ஆயுசுக்கும் படம் வராது. 5600ஜி போன்ற பிராசசராக இருந்தால் அதே போர்ட் உங்களுக்கு நல்ல சோதனைக் கருவி. கார்டைக் கழற்றி வைத்துவிட்டு அதில் ஓட்டிப் பார்க்கலாம்.

ஹெச்டிஎம்ஐயா, டிஸ்ப்ளே போர்ட்டா

இதில் அதிக நேரம் செலவிட வேண்டாம். ஹெச்டிஎம்ஐ 1.4-இன் வேகம் 10.2 ஜிகாபிட், 2.0-இன் வேகம் 18 ஜிகாபிட். டிஸ்ப்ளே போர்ட் 1.2 என்றால் 21.6, 1.4 என்றால் 32.4. 1440பி திரையை 144 ஹெர்ட்ஸில் ஓட்டுபவர் பழைய டிவி பெட்டியோடு வந்த ஹெச்டிஎம்ஐ கேபிளைச் செருகினால் திரை இடைவிட்டுக் கறுப்பதும் புள்ளி மினுக்குவதும் வியப்பல்ல. ஹெர்ட்ஸை 60-க்கு இறக்கிப் பாருங்கள். மினுக்கல் நின்றால் பெரும்பாலும் கேபிள்தான். கேமிங் மானிட்டருக்கு இரண்டு மீட்டருக்கு மிகாத டிஸ்ப்ளே போர்ட் கேபிள் ஒன்று வாங்கிவிடுவதே மேல். ஒரு எச்சரிக்கை: மலிவான சில டிஸ்ப்ளே போர்ட் கேபிள்களில் 20-ஆவது பின்னை இரு முனையும் இணைத்திருப்பார்கள். அதன் வழியே மானிட்டரின் மின்சாரம் கார்டுக்குள் ஏறி, கணினி ஆன் ஆகாமல் முரண்டு பிடிக்கும்.

டிரைவர்: பின்னோக்கிப் போவதா, துடைத்துப் போடுவதா, ஃபார்மேட்டா

கேம் உறைந்து டெஸ்க்டாப்புக்கு வருகிற வகைக்கு விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறந்து பாருங்கள். 'டிஸ்ப்ளே' என்ற பெயரில் 4101 என்ற எண் பதிவாகியிருந்தால், டிரைவர் பதில் சொல்லாததால் விண்டோஸ் அதை இழுத்து மீண்டும் தொடங்கியிருக்கிறது என்று பொருள். இயல்பாக விண்டோஸ் பொறுக்கும் நேரம் இரண்டு நொடி. கணினி முறையாக மூடாமல் அணைந்ததைக் குறிக்கும் 'கெர்னல் பவர்' 41 மட்டும் இருந்தால் டிரைவரை விட்டுவிட்டு நேரே கரன்ட் பகுதிக்குப் போங்கள்.

டிரைவரைச் சரிசெய்ய நான்கு வழிகள் போட்டி போடுகின்றன. முதலாவது ரோல்பேக். நேற்று வரை நன்றாக ஓடி, அப்டேட்டுக்குப் பிறகுதான் தொல்லை என்றால் இதைப்போல விரைவான வழி வேறில்லை. டிவைஸ் மேனேஜரில் இரண்டு நிமிட வேலை. ஆனால் முந்தைய பதிப்பு கணினியில் தங்கியிருந்தால்தான் அந்தப் பொத்தான் உயிரோடு இருக்கும். இரண்டாவது, என்விடியா இன்ஸ்டாலரிலேயே 'கஸ்டம்' போய் 'கிளீன் இன்ஸ்டாலேஷன்' டிக் செய்வது. ஒரே நிறுவனத்தின் கார்டில் இருப்பவருக்கு பெரும்பாலும் இதுவே போதும்.

மூன்றாவது டிடியு, பழைய டிரைவரைச் சுவடில்லாமல் துடைக்கும் மென்பொருள். ஏஎம்டியின் ரேடியான் கார்டிலிருந்து என்விடியாவின் ஜிஃபோர்ஸுக்கோ திரும்பவோ மாறியவர்களுக்கும், கிளீன் இன்ஸ்டால் செய்தும் டிவைஸ் மேனேஜரில் 'கோட் 43' என்ற பிழை போகாதவர்களுக்கும் இதுதான். வரிசை முக்கியம். புது டிரைவரை முதலிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நெட்டைத் துண்டியுங்கள், இல்லையென்றால் விண்டோஸ் அப்டேட் நடுவில் புகுந்து தன்னிடம் உள்ள பழைய டிரைவரைப் போட்டுவிடும். டிடியு பலிக்கவில்லை என்று சொல்பவர்களில் பலர் இந்த ஒரு படியைத்தான் தவறவிட்டிருப்பார்கள். பிறகு சேஃப் மோடில் ஏறி, டிடியுவில் 'கிளீன் அண்டு ரீஸ்டார்ட்' கொடுங்கள். திரும்பி வந்ததும் டிரைவரைப் போட்டு, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்த பிறகே நெட்டை இணையுங்கள்.

நான்காவது வழி ஃபார்மேட். கடைகளில் முதலில் கைவைப்பது இதில்தான், எங்கள் கணக்கில் கடைசியாகச் செய்ய வேண்டியதும் இதுதான். டிடியு முடித்தும் தொல்லை அதே இடத்தில் நிற்கிறது என்றால் மென்பொருளில் கோளாறு இருக்கும் வாய்ப்பு மிகவும் குறைந்துவிட்டது. அதற்கு மேல் ஃபார்மேட் செய்வதில் உங்கள் கோப்புகள் போவதுதான் மிச்சம்.

கரன்ட்: ஸ்டெபிலைசரா, யுபிஎஸ்ஸா, புது எஸ்எம்பிஎஸ்ஸா

சங்கரன்கோவில், ராதாபுரம் பக்கக் கிராமங்களில் தோட்டத்து மோட்டார்கள் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்குவது எல்லாருக்கும் தெரியும். உடனே ஸ்டெபிலைசர் தேடுகிறோம். நல்ல எஸ்எம்பிஎஸ் (கணினிக்குள் கரன்ட்டை மாற்றித் தரும் பெட்டி), அதாவது ஆக்டிவ் பிஎஃப்சி என்ற சுற்று உள்ளது, 100 முதல் 240 வோல்ட் வரை தானே சமாளிக்கும். அதன் லேபிளில் அந்த எண்கள் இருக்கிறதா என்று பாருங்கள். லேபிளில் '200-240' என்றோ, முதுகில் சிவப்பு ஸ்விட்சோ இருந்தால் அது லோ வோல்டேஜில் தடுமாறும். ஸ்டெபிலைசருக்குப் போடும் பணத்தை எஸ்எம்பிஎஸ் மாற்றுவதில் போடுங்கள். ஸ்டெபிலைசரின் ரிலே 'டக்' என்று மாறும் அந்தச் சிறு இடைவெளியே போதும், பலவீனமான எஸ்எம்பிஎஸ் ரீஸ்டார்ட் ஆக.

யுபிஎஸ் வேறு கதை. வீடுகளில் இருக்கும் 600 விஏ பெட்டி பொதுவாக 360 வாட்தான் தாங்கும். ஆர்டிஎக்ஸ் 3060 தனியாக 170 வாட் எடுக்கும். பிராசசர், மானிட்டர் சேர்ந்தால் கேம் நேரத்தில் 300-ஐ நெருங்கிவிடும். பேட்டரி பழசானால் கரன்ட் போன நொடியில் யுபிஎஸ்ஸும் சேர்ந்து போகும். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுபவர்கள் அதன் பின்புற ஸ்விட்சை 'யுபிஎஸ் மோட்' பக்கம் தள்ளி வையுங்கள், மாறும் நேரம் குறையும். அந்த மோடில் வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலே பேட்டரிக்குத் தாவும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கார்டுக்குப் போகும் வயரையும் பாருங்கள். மதர்போர்டில் கார்டு உட்காரும் ஸ்லாட் தருவது 75 வாட், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் 6 பின் 75, 8 பின் 150. ஹார்ட் டிஸ்க்குக்கான சாட்டா பவர் முனையிலிருந்து 8 பின் ஆக்கும் அடாப்டர் கடையில் சும்மா கிடைக்கும். சாட்டா முனையின் 12 வோல்ட் வரம்பு 54 வாட்தான். உருகிப்போன பிளாஸ்டிக் முனைகளில் பெரும்பாலானவை இந்த வகை. இரண்டு 8 பின் கேட்கும் கார்டுக்கு ஒரே வயரின் இரட்டை முனையைச் செருகாமல் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனித்தனியாக இரண்டு வயர் இழுங்கள்.

கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறதா? எர்த் இல்லை. எர்த் இல்லாத பெட்டியின் உடம்பில் மெயின்ஸின் பாதி வோல்டேஜ் மிதக்கும். அந்த நிலையில் ஹெச்டிஎம்ஐயைச் செருகிப் பிடுங்குவது போர்ட்டைக் கொல்லும். மல்டிமீட்டரில் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறத்தாழ 230 வோல்ட் காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டைத் தாண்டக் கூடாது. நம் கோடையில் எர்த் குழி காய்ந்துபோவது சாதாரணம், குழியில் தண்ணீர் ஊற்றி மீண்டும் அளந்து பாருங்கள். மானிட்டரும் சிபியுவும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இருக்கட்டும்.

சூடு: அண்டர்வோல்ட்டா, பேஸ்ட் மாற்றுவதா

அக்னி நட்சத்திரத்தில் அறை பத்து டிகிரி ஏறினால் கார்டும் கிட்டத்தட்ட அதே அளவு ஏறும். ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் 'ஜிபியு டெம்பரேச்சர்', 'ஹாட்ஸ்பாட்' (சிப்பின் மிகச் சூடான புள்ளி) இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கேம் ஓடும்போது இடைவெளி பதினைந்து டிகிரிக்குள் என்றால் சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே உள்ள பேஸ்ட் நன்றாகவே இருக்கிறது. இருபத்தைந்தைத் தாண்டினால் பேஸ்ட் காய்ந்தோ ஒதுங்கியோ போயிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். முதல் நிலைக்கு அண்டர்வோல்ட், அதாவது சிப்புக்குப் போகும் வோல்டேஜைக் குறைப்பது; இரண்டாவதற்குப் பேஸ்ட். மாற்றிச் செய்தால் பலன் சொற்பம்.

அண்டர்வோல்ட்டில் ஸ்குரூ டிரைவர் தேவையில்லை, வாரண்டியும் போகாது. ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கோர் கிளாக்கை (கோர் ஓடும் வேகம்) 200 மெகாஹெர்ட்ஸுக்கும் அதிகமாகக் குறைத்து, கன்ட்ரோலும் எஃப்பும் அழுத்தி வரைகோட்டைத் திறந்து, 900 மில்லிவோல்ட் புள்ளியை மட்டும் உயர்த்துங்கள். 3060-க்கு 1800 மெகாஹெர்ட்ஸ் நல்ல தொடக்கம். 'அப்ளை' கொடுத்ததும் அதற்கு வலப்பக்கம் கோடு படுத்துவிடும். கேம் நின்றுபோனால் 15 மெகாஹெர்ட்ஸ் படியாக இறக்குங்கள். இதெல்லாம் வேண்டாம் என்பவர் பவர் லிமிட்டை 80 சதவீதத்தில் வைத்தாலே பெரும் பகுதி பலன் கிடைத்துவிடும்.

பேஸ்ட் மாற்றும்போது ஆபத்து பேஸ்ட்டில் இல்லை, மெமரி சிப்புகளின் மேல் ஒட்டியிருக்கும் தெர்மல் பேடில் இருக்கிறது. 1 மில்லிமீட்டர் பேட் இருந்த இடத்தில் 1.5 வைத்தால் ஹீட்சிங்க் தூக்கி நின்று கோர் சரியாகப் படியாது, முன்பைவிட அதிகம் சூடாகும். பழைய பேட் கிழியாமல் இருந்தால் அதையே விட்டுவிடுங்கள். கோரைச் சுற்றிய நான்கு ஸ்குரூவையும் மூலைக்கு மூலை மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள்.

ஆடிக் காற்றில் திசையன்விளை, இட்டமொழிப் பக்கத்துத் தேரி மணல் ஜன்னல் மூடியிருந்தாலும் உள்ளே வந்துவிடும். உவரி, கூடங்குளம் கரையில் உப்புக் காற்று கார்டின் தங்க முனைகளில் படியும். அழிரப்பரால் தேய்ப்பது பழைய வழக்கம். அது மெல்லிய தங்கப் பூச்சையும் தேய்த்து, துகளை ஸ்லாட்டுக்குள் விடும். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் நூல் உதிராத துணியும் போதும். தூசி ஊத பஞ்சர் கடை கம்ப்ரசர் வேண்டாம், அதில் தண்ணீரும் எண்ணெயும் வரும். புளோயரில் ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

கடைசிக் கட்டம்: ஹீட் கன்னா, சிப் மாற்றமா, பழைய கார்டா, புதுசா

பயாஸிலேயே கட்டம் விழுகிறது, டிரைவரும் கரன்ட்டும் பார்த்தாயிற்று என்றால் முதலில் வாரண்டியைப் பாருங்கள். கிராஃபிக்ஸ் கார்டுகளுக்குப் பெரும்பாலும் மூன்று வருடம் உண்டு. பில் தொலைந்திருந்தாலும் பின்புற ஸ்டிக்கரின் சீரியல் எண்ணை வைத்துக் கேட்டுப் பார்க்கலாம். கார்டை அனுப்பும்போது ஆன்டி ஸ்டாடிக் கவரில் தனியாக அனுப்புங்கள். சிபியுவோடு சேர்த்து பஸ் பார்சலில் போட்டால் சென்னை போய்ச் சேர்வதற்குள் ஸ்லாட்டோ கார்டோ விரிசல் விட்டுவிடும்.

வாரண்டி முடிந்ததென்றால், ஹீட் கன் காட்டி 'ரீஃப்ளோ' செய்து தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். ஈயமில்லாத சால்டர் உருகவே 217 டிகிரி வேண்டும். சும்மா சூடு காட்டுவதில் உள்ளிருக்கும் நுண்ணிணைப்பு தற்காலிகமாக ஒட்டிக்கொண்டு சில நாளோ சில வாரமோ படம் காட்டும், பிறகு நிரந்தரமாகப் போகும். சிப்பைக் கழற்றிச் சால்டர் செய்யும் சரியான பிஜிஏ மெஷினில் விரேம் சிப்பை மாற்றுவது இதிலிருந்து முற்றிலும் வேறான, மதிக்கத்தக்க வேலை. இரண்டையும் பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: "எந்த மெமரி சிப் போயிருக்கு?" சோதனை செய்து சிப்பின் இடத்தைச் சொல்பவரிடம் நம்பிக் கொடுக்கலாம். கொடுக்கும் முன் நீங்களே ஆஃப்டர்பர்னரில் மெமரி கிளாக்கை 300, 500 மெகாஹெர்ட்ஸ் என்று இறக்கிப் பாருங்கள். கட்டம் குறைந்தால் சந்தேகம் விரேம் பக்கம்தான். ஸ்லாட் கொக்கிக்கு அருகே போர்டு விரிசல் விட்டிருந்தால் மட்டும் ரிப்பேருக்குச் செலவழிக்க வேண்டாம்.

பழைய கார்டு வாங்குவதா, புதியதா? எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் 2022 செப்டம்பர் 15-இல் மைனிங்கை (கார்டுகளை இரவுபகலாக ஓட்டி நாணயம் ஈட்டும் முறை) கைவிட்ட பிறகு அந்தக் கார்டுகள் சந்தைக்குக் கொட்டின. மைனிங்கில் ஓடியது என்பதாலேயே கார்டு கெட்டதல்ல. தேய்வது ஃபேனும் பேடும்தான், மெமரி நீண்ட நாள் சூட்டில் கிடந்ததா என்பதே கேள்வி. பழைய எஸ்எம்பிஎஸ்ஸை மாற்ற முடியாதவருக்குப் புதிய ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி வகை பொருத்தம். 70 வாட்தான், தனி பவர் வயரே வேண்டாம். 8 பின் இருக்கிறவருக்கு 132 வாட் ஆர்எக்ஸ் 6600 அதைவிடக் கணிசமாக வேகம். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியை, ஸ்லாட் பிசிஐஇ மூன்றாம் தலைமுறையாக உள்ள பழைய மதர்போர்டுக்கு வாங்காதீர்கள். அந்தக் கார்டுக்குத் தரவு போகும் பாதை (லேன்) நான்குதான், வேகம் அடிபடும்.

பழையது என்று முடிவானால் விற்பவர் வீட்டிலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும், போட்டோவையும் வீடியோவையும் நம்பிப் பணம் அனுப்பக் கூடாது. பென் டிரைவில் ஜிபியு-இசட், ஓசிசிடி, ஃபர்மார்க் என்ற மூன்று சோதனை மென்பொருள்களையும் கொண்டுபோங்கள். ஜிபியு-இசட்டில் பெயருக்கு முன் 'ஃபேக்' என்று வந்தால், அது கார்டுக்குள் இருக்கும் பயாஸை மாற்றிப் பெயர் சூட்டப்பட்ட பழைய கார்டு. ஆர்எக்ஸ் 580 என்று விற்பதில் ஷேடர் (சிப்பிலுள்ள கணக்கிடும் அலகு) எண்ணிக்கை 2304 இருக்க வேண்டும், 2048 என்றால் அது குறைந்த வகை, விலையைக் குறைத்துக் கேளுங்கள். ஓசிசிடியின் விரேம் சோதனையில் ஒரு பிழை வந்தாலும் எழுந்து வந்துவிடலாம். பிறகு ஃபர்மார்க்கைக் கால் மணி நேரம் ஓட்டி ஹாட்ஸ்பாட் இடைவெளியைப் பாருங்கள். எல்லா போர்ட்டிலும் மானிட்டரை மாற்றி மாற்றிச் செருகிப் பாருங்கள். கார்டு, பெட்டி, பில் மூன்றிலும் சீரியல் எண் ஒன்றாக இருந்தால் மட்டும் பணத்தைக் கொடுங்கள்.