மாதச் சந்தாவா, மொத்தமாகக் கட்டுவதா?
மின்சாரக் காரில் ஏற்கெனவே இருந்தும் மென்பொருளால் பூட்டி வைத்த வசதிக்குக் காசு கட்டுவது பற்றித் தண்டையார்பேட்டை நண்பர்கள் கேட்டதால், 2025இல் பிரிட்டனில் ஃபோக்ஸ்வேகன் ஐடி.3 என்ற மின்சாரக் காருக்கு வைத்த விலையையே பார்ப்போம். பூட்டைத் திறந்தால் 201 குதிரைத்திறன் 228 ஆகும், அவ்வளவுதான். மோட்டார் அதேதான்!

செலவு: சந்தா மாதம் 16.50 பவுண்டு. மொத்தமாக 649. நாற்பதாவது மாதத்தில் சந்தாவாகக் கட்டிய காசு அந்த 649ஐ முந்திவிடும்.

விற்றால்: சந்தாவை நிறுத்திவிடலாம். மொத்தமாகக் கட்டியது காரோடு போய்விடும், அடுத்த காருக்கு வராது, ஆகவே விலை பேசும்போதே அதையும் சேர்த்துக் கேட்டு வாங்க வேண்டும்.

எண்ணூர் விரைவுச்சாலையில் கண்டெய்னர் லாரி வாலைப் பிடித்து ஊர்பவருக்கு இரண்டுமே தண்டம். அடிக்கடி வெளியூர் ஓட்டி, ஐந்தாறு வருஷம் காரை வைத்திருப்பவர் மொத்தமாகக் கட்டலாம். மற்றவர்கள் ஆசைக்கு ஒரு மாதச் சந்தா போட்டுப் பாருங்கள், போதும்.