கூரைக் காற்றாடியும் கிழக்குக் கேப்பின் காற்றும்: வாங்கும் முன் ஒரு மதிப்பீடு

தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் மாகாணத்தில், போர்ட் எலிசபெத் என்று நெடுங்காலம் அறியப்பட்ட கெபெர்காவுக்குக் காற்று நகரம் என்ற பட்டப்பெயர் உண்டு; அம்மியைப் பறக்கவைக்கும் காற்றுக்கு இங்கே ஆடி மாதம் வரை காத்திருக்க வேண்டியதில்லை. எனவே, 2023 இல் மின்வெட்டு மிகக் கடுமையாக இருந்தபோது, நகரின் மலபார் பகுதியிலுள்ள எங்கள் வீட்டுக் கூரையில் ‘ஒரு கிலோவாட்’ என்று விற்கப்படும் சிறிய காற்றாடி ஒன்றைப் பொருத்தினோம். அதே வகையை வாங்கலாமா என்று தமிழ் நண்பர்கள் பலர் கேட்பதால் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

பொருளின் தரத்தில் பெரிய குறையில்லை. இறக்கைகள் உறுதியாக உள்ளன, பேட்டரிக்கு மின்சாரம் அனுப்பும் கட்டுப்பாட்டுக் கருவியும் ஒழுங்காக இயங்குகிறது. கடலோர உப்புக்காற்றில் திருகாணிகள் விரைவில் துருப்பிடிக்கின்றன. பலத்த காற்றில் எழும் அதிர்வு சுவர் வழியாகப் படுக்கையறை வரை கேட்கிறது.

குறை இருப்பது விளம்பரத்தில்தான். ஒரு கிலோவாட் என்பது விநாடிக்கு 12 மீட்டர், அதாவது மணிக்கு ஏறக்குறைய 43 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசும்போது மட்டுமே கிடைக்கும் அளவு. காற்றிலுள்ள ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது என்பதால், வேகம் பாதியாகக் குறைந்தால் மின்சாரமும் பாதியாகக் குறைவதில்லை. எட்டில் ஒரு பங்காகச் சுருங்கி 125 வாட் அளவில் நிற்கிறது. அதிலும், பக்கத்து வீடுகளிலும் மரங்களிலும் மோதிச் சுழன்று வரும் காற்று கூரை மட்டத்தில் சீராக இருப்பதில்லை; காற்றாடி திசை மாறி மாறித் திரும்புவதிலேயே பொழுதைக் கழிக்கிறது.

இதே காற்று எங்கே பணமாகிறது என்பதை நகருக்கு மேற்கே, ஜெஃப்ரிஸ் பே அருகே காணலாம். 2014 இல் இயங்கத் தொடங்கிய அந்தக் காற்றாலைப் பண்ணையில் 60 சுழலிகள் உள்ளன. மொத்தத் திறன் 138 மெகாவாட். ஒவ்வொன்றும் 80 மீட்டர் உயரத்தில் 101 மீட்டர் விட்டத்துடன் சுழல்வதால், எங்கள் இரண்டு மீட்டர் காற்றாடியைப் போல 2,500 மடங்குக்கு மேற்பட்ட பரப்பில் காற்றைப் பிடிக்கிறது. கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் குக்ஹவுஸ் பண்ணையில் நிற்பவை, முப்பந்தலைக் கடந்து சென்ற எவருக்கும் பழக்கமான சுஸ்லான் நிறுவனத்தின் இயந்திரங்கள். தனியாரிடமிருந்து மின்சாரம் வாங்க அரசு நடத்தும் ஏலத்தில், 2011 இன் முதல் சுற்றில் யூனிட்டுக்கு ஒரு ராண்டுக்கு மேல் இருந்த காற்று மின்சார விலை, 2021 இன் ஐந்தாம் சுற்றில் ஏறக்குறைய அரை ராண்டுக்கு இறங்கியது. உயரமும் அளவும் தந்த அந்த மலிவைக் கூரையில் எதிர்பார்க்க முடியாது.

அப்படியானால் இத்தகைய பெரிய காற்றாலைகளில் முதலீட்டுக்குத் தடை என்ன? நிச்சயமாகக் காற்று அல்ல. ஏலத்தில் வென்ற திட்டங்களுக்கு அரசு மின் நிறுவனமான எஸ்காம் ஒப்பந்தம் போடாமல் இழுத்தடித்து, 2018 ஏப்ரலில்தான் 27 திட்டங்களுக்குக் கையெழுத்தானது. இந்த இடைவெளியில் எங்கள் கூகா தொழிற்பேட்டையில் 2014 இல் திறந்த, காற்றாலைக் கோபுரங்கள் செய்யும் தொழிற்சாலை மூடப்பட்டது. ஆர்டர் இல்லாத தொழிற்சாலையை எந்தக் காற்றும் ஓட்டாது. பின்னர் 2022 இன் ஆறாம் சுற்றில், கேப் மாகாணங்களின் மின்கடத்திப் பாதைகளில் இடமில்லாததால் ஒரு காற்றாலைத் திட்டம்கூடத் தேர்வாகவில்லை. 2023 தொடக்கத்தில் குறிப்பிட்ட திறனுக்கு மேல் தனியார் மின் உற்பத்திக்கு உரிமம் வேண்டும் என்ற வரம்பு நீக்கப்பட்டது நல்ல மாற்றம். கோவை, திருப்பூர் ஆலைகள் தொலைவிலுள்ள தங்கள் காற்றாலை மின்சாரத்தை அரசுக் கம்பி வழியே பெறுவதைப் போல இங்கும் நிறுவனங்கள் செய்யலாம். ஆனால் அதற்கும் கம்பி வேண்டும். ஆகவே காற்றாலைத் திட்டத்தில் பணம் போடச் சொல்லி யாராவது வந்தால், காற்று வரைபடத்தைப் பார்க்கும் முன் மின்தொகுப்பு இணைப்புக்கான ஒப்புதலைக் கேளுங்கள்.

நகர வீட்டுக்கு இந்தக் காற்றாடியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதே பணத்துக்குச் சூரியத் தகடுகள் கூடுதல் பயன் தரும். மின்கம்பி எட்டாத, திறந்தவெளிப் பண்ணையில், உயரமான கம்பம் நட இடமுள்ளவர்கள் சூரியத் தகடுகளுக்குத் துணையாக வாங்கலாம். அவர்களும் விற்பனையாளரிடம் உச்சத் திறனைக் கேட்க வேண்டாம். விநாடிக்கு ஐந்து மீட்டர் சராசரி வேகத்தில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.