ஸ்டெயின்லெஸ் போன்சாய் கருவிகள்: துருவுக்கு முன்னால் கூர் போகும்

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போன்சாய் கருவிகளைப் பலரும் வாங்குவது ஒரே நம்பிக்கையில்தான்: ஈர மண்ணில் வைத்து மறந்தாலும் துருப்பிடிக்காது. பெரும்பாலும் அது பொய்க்காது. ஆனால் பளபளப்பு மங்காத கருவிகூட சில ஆண்டுகளில் வெட்டாமல் போய்விடலாம். அதன் ஆயுள் இருக்கும் இடங்கள் இரண்டே: வெட்டும் விளிம்பு, இரு பாதிகளையும் இணைக்கும் நடு ரிவெட்.

விளிம்பின் கதை எஃகின் வகையிலேயே தொடங்குகிறது. 304 வகையில் குரோமியம் ஏறத்தாழ 18%, நிக்கல் 8%. துருவை அருமையாகத் தாங்கும். ஆனால் சூடேற்றித் தோய்த்து அதைக் கடினப்படுத்த முடியாது. வேர் கோதும் ரேக், மண் ஸ்கூப், ட்வீசருக்கு இது போதும். கத்தரிக்கோலுக்கு உதவாது. வெட்டும் கருவிக்கு 420 அல்லது 440 வரிசை வேண்டும். எஃகின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில் 420ஜே2 50ஐ ஒட்டி நிற்கும். சுலபமாகத் தீட்டலாம், அதே வேகத்தில் மழுங்கும். 440சி-யில் கார்பன் 1% அளவு இருப்பதால் 58 முதல் 60 வரை ஏறும். கூர் நெடுநாள் நிற்கும், தீட்டும்போது கை வலிக்கும். விற்பவர் வெறுமனே ‘ஸ்டெயின்லெஸ்’ என்று நிறுத்திக்கொண்டால் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டவே இல்லையென்றால் அது 304 குடும்பம். கத்தரியாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஒட்டிவிட்டது என்பதற்காக நல்ல எஃகு என்று முடிவுகட்டவும் வேண்டாம்: கடினப்படுத்த முடியாத 430 வகையிலும் காந்தம் ஒட்டும்.

அதிகம் அடிவாங்குவது, கிளையைக் குழிவாகக் கடித்தெடுக்கும் கான்கேவ் கட்டர்தான். கிளையின் தடிமன் வாயின் அகலத்தில் பாதியைத் தாண்டினால் கை தானாகவே கருவியைத் திருகிப் பார்க்கும். அந்தத் திருகலில்தான் தாடைகள் இடம் மாறுகின்றன, விளிம்பில் சில்லு போகிறது. தடித்த கிளையை முதலில் ரம்பத்தால் குட்டையாக அறுத்துவிட்டு, மிச்சத்தைச் சிறு சிறு கடியாக எடுக்க வேண்டும். ஜின் எனப்படும், பட்டை உரித்துக் காயவிட்ட கிளையை இதனால் வெட்டுவதும், ‘ஒரே ஒரு முறை’ என்று கம்பியைக் கடிக்க வைப்பதும் சில்லு போக நிச்சயமான வழிகள். செம்புக் கம்பி பதனிட்டு வரும்போது மென்மையாக இருக்கும். மரத்தில் சுற்றி வளைத்த பிறகு இறுகிவிடும். கழற்றும்போது வெட்டுவது புதுக் கம்பியை வெட்டுவதுபோல் இருக்காது என்பது இதனால்தான்.

வேர் வெட்டும் கத்தரியைக் கிளைக்கான கத்தரியோடு கலக்கக் கூடாது. வேரோடு ஒட்டிவரும் எரிமலைக் கல் துணுக்கும் மணலும் எந்த எஃகின் கூர்மையையும் தின்னும். அதே மணல் ரிவெட்டுக்குள் புகுந்தால் மூட்டு தளரும், இரு தாடைகளும் சேராமல் விலகும். தாடையைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆடினால் தீட்டுவதில் பயனில்லை. புதிதாக வாங்கும்போதே செய்ய வேண்டிய சோதனை இது.

துரு வரவே வராது என்பதும் சரியல்ல. குரோமியம் மேற்பரப்பில் உருவாக்கும் மெல்லிய ஆக்சைடு படலம்தான் காவல். ப்ளீச்சில் உள்ள குளோரின் அதைத் துளைத்து ஊசிக்குத்துப் போன்ற குழிகளை உண்டாக்கும். ஆகவே கிருமி நீக்க ப்ளீச் வேண்டாம், 70% ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். ஜின்னை வெளுக்கப் பூசும் லைம் சல்ஃபர் கரைசல் தெறித்தால் உடனே கழுவித் துடையுங்கள். சாதாரண இரும்பு நாரால் தேய்த்தால் அதன் துகள்கள் ஒட்டிக்கொண்டு அவை துருவேறும். பழி கருவியின் மேல் விழும். நைலான் நார் அல்லது பித்தளை பிரஷ் போதும். காற்று புகாத ரிவெட் இடுக்கில் ஈரம் தங்கினால் அங்கே மட்டும் பழுப்பு நிறம் கசியும். கழுவி, காயவைத்து, அங்கே ஒரு சொட்டு கமீலியா எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ விட்டு நாலு தடவை திறந்து மூடுங்கள்.

தீட்டும்போது விளிம்பின் சாய்வு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் மட்டும் தேயுங்கள். சாய்வில் மார்க்கர் மையைப் பூசிவிட்டு 600 கிரிட் (சொரசொரப்பின் அளவு; எண் கூடக் கூட நைசாகும்) வைரத் தகட்டால் இரண்டு இழுப்பு இழுத்தால், மை எங்கே போயிற்று என்பதே கோணத்தைக் காட்டிவிடும். பிறகு 1000 கிரிட். மறுபக்கம் பிசிறை மட்டும் எடுங்கள். கிரைண்டர் சக்கரம் கூடவே கூடாது. ஸ்டெயின்லெஸ் வெப்பத்தை மெதுவாகக் கடத்துவதால் மெல்லிய விளிம்பிலேயே சூடு தேங்கும்; அது நீலமாக மாறினால் அந்த இடத்தின் கடினம் போயிற்று. பல கான்கேவ் கட்டர்களில் ஒரு விளிம்பு மற்றதன் மேல் மயிரிழை அளவு ஏறி உட்காரும். பல தடவை தீட்டிய பின் மூடி வெளிச்சத்தில் பிடித்தால் இடைவெளி தெரியும். அப்போது விளிம்பை மேலும் தேய்க்காதீர்கள். கைப்பிடிகளின் உட்புறம் முட்டும் தடுப்பைக் கொஞ்சமாக அராவினால் வாய் மறுபடி சேரும். அதிகமாக அராவினால் விளிம்புகள் ஒன்றையொன்று கடித்து மழுங்கும், இதற்கு மருந்து கிடையாது.

ரேக், ட்வீசர் இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு ஸ்டெயின்லெஸ்ஸில் வாங்கலாம்; வேர் கத்தரியையும் வாங்கலாம், எஃகின் வகையைப் பார்த்துவிட்டு. கான்கேவ் கட்டர், முடிச்சுகளைக் கடித்தெடுக்கும் நாப் கட்டர் என்றால், எஃகின் வகையைச் சொல்லாத மலிவு ஸ்டெயின்லெஸ்ஸைவிட அதே விலையில் கிடைக்கும் கறுப்பு கார்பன் எஃகே மேல். எண்ணெய் துடைக்கச் சோம்பல் படுபவர்கள் மட்டும் 440சி-க்குக் கூடுதல் பணம் கொடுங்கள்.