முன்லோடர் பூட்டிய பழைய குபோட்டா பி7100: நான்கு ஆண்டுகள் ஓட்டியபின் ஒரு மதிப்புரை

நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியில் ஐந்து ஏக்கர் நிலத்தோடு கூடிய வீட்டுக்குக் குடிவந்தபோது, பனியை ஒதுக்கவும், எருவும் சரளையும் அள்ளவும், விறகு இழுக்கவும் ஒரு சிறிய டிராக்டர் தேவைப்பட்டது. புதிய வண்டிக்கு லோடரோடு (முன்னால் பக்கெட்டைத் தூக்கும் இரும்புக் கைகள்) சேர்த்துச் சொன்ன விலை எங்கள் கைக்கு எட்டவில்லை. ஆகவே, 1980களின் தொடக்கத்தில் வெளிவந்த, நான்கு சக்கர இயக்கமுள்ள ஒரு குபோட்டா பி7100 வண்டியை, முன்னரே யாரோ பூட்டியிருந்த லோடருடன் 4,200 டாலருக்கு வாங்கினேன். இன்றைக்கு அதே போன்ற வண்டியை வாங்க எண்ணுகிறவர்களுக்கும், வாங்கிவிட்டு விழிக்கிறவர்களுக்கும் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மூன்று சிலிண்டர் கொண்ட டீசல் எஞ்சின், கொள்ளளவு ஏறத்தாழ 760 சிசி, திறன் 16 குதிரைத்திறன், கருவிகளைச் சுழற்றும் பின்புற பி.டி.ஓ. தண்டில் கிடைப்பது 13. கியர் வகையில் முன்னோக்கி ஆறு வேகங்களும் பின்னோக்கி இரண்டும் உண்டு. கிளட்ச் மிதிக்கத் தேவையில்லாத ஹைட்ரோஸ்டாட்டிக் வகையும் அதே காலத்தில் விற்பனையானது. என்னிடம் இருப்பது கியர் வகை. உழவுக்கும் புல் வெட்டுவதற்கும் அது போதும் என்றாலும், லோடர் வேலையில் ஒவ்வொரு முறை முன்னும் பின்னும் போகும்போதும் கிளட்சை மிதித்துக் கியர் மாற்ற வேண்டியிருப்பதால், இரண்டு மணி நேரத்தில் இடது முழங்கால் கெஞ்சத் தொடங்கிவிடுகிறது. லோடருக்காகவே வாங்குபவர் ஹைட்ரோஸ்டாட்டிக் வகையைத் தேடுவதே நல்லது. ஸ்டீயரிங்கிலும் பவர் உதவி கிடையாது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வண்டி வந்த முதல் வாரமே லோடரின் குறை தெரிந்துவிட்டது. பக்கெட்டை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி எஞ்சினை நிறுத்தினால், ஒரு குவளைத் தேநீர் குடித்து முடிப்பதற்குள் அது தரையைத் தொட்டிருக்கும். விசாரித்த எல்லோரும் ஒரே குரலில், சிலிண்டருக்குள் எண்ணெய் ஒழுகாமல் தடுக்கும் பிஸ்டன் சீல் போய்விட்டது, சீல் கிட் வாங்கி மாற்றுங்கள் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் சற்று யோசித்துப் பார்த்தால், பிஸ்டன் சீல் மட்டும் ஒழுகுவதால் கை இறங்கிவிட முடியாது. அடிப்பக்கத்து எண்ணெய் பிஸ்டனைத் தாண்டி மேல்பக்கத்துக்குப் போனாலும், அங்கே பிஸ்டனின் தண்டு ஓர் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதால், அந்த எண்ணெய் முழுவதும் அங்கே கொள்ளாது; மிஞ்சுவது வெளியே போயாக வேண்டும். போகும் வழி, லீவருக்குக் கீழே இருக்கும் கட்டுப்பாட்டு வால்வுதான். சீல் போயிருந்தால் சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறி, ஏற்கெனவே தேய்ந்த வால்வின் ஒழுக்கு மேலும் கூடும் என்பது உண்மை. ஆகவே இரண்டில் எது என்று சோதித்துத்தான் சொல்ல முடியும்.

சோதனை எளிது. லோடர் கைகளை முழு உயரத்துக்குத் தூக்கி, அவை இறங்காதபடி இரும்புத் தாங்கல் கொடுத்து, எஞ்சினை நிறுத்தி, லீவரை இருபுறமும் அசைத்து அழுத்தத்தைப் போக்கிவிட வேண்டும். (தாங்கல் இல்லாமல் அந்தக் கைகளுக்கு அடியில் தலையைக் கொடுக்கவே கூடாது.) பிறகு சிலிண்டரின் தண்டுப் பக்கத்து ஹோஸைக் கழற்றி, ஹோஸின் வாயை மூடி வைத்துவிட்டு, எஞ்சினை இயக்கி லீவரைத் தூக்கும் பக்கம் பிடிக்க வேண்டும். திறந்திருக்கும் துளையிலிருந்து எண்ணெய் வந்துகொண்டே இருந்தால் சீல் போய்விட்டது என்று பொருள். என் வண்டியில் இரண்டு சிலிண்டர்களிலும், ஹோஸைக் கழற்றியபோது வடிந்த நாலைந்து சொட்டுக்குப் பிறகு, ஒன்றுமே வரவில்லை. சீல்கள் நன்றாகவே இருந்தன. வால்வுக்குள் நகர்ந்து எண்ணெயின் வழியை மாற்றும் உருளையான ஸ்பூல்தான் தேய்ந்திருந்தது.

வால்வைக் கழற்றப் போனபோது இன்னொன்று வெளிப்பட்டது. இந்த வகை டிராக்டரில் பம்ப் தள்ளும் எண்ணெய் ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்கும். முதலில் லோடர் வால்வுக்குள் புகுந்து, அங்கே வேலையில்லையென்றால் கருவிகளைப் பூட்டும் பின்புற மூன்று புள்ளி இணைப்பைத் தூக்கும் பகுதிக்குப் போகும். அப்படித் தொடர்ந்து போவதற்கு வால்வில் 'பவர் பியாண்ட்' என்று தனி வாய் இருக்க வேண்டும். வேலை முடித்துத் திரும்பும் எண்ணெய் தொட்டிக்குப் போக வேறொரு வாயும் வேண்டும். ஆக, சிலிண்டர் ஹோஸ்களை விட்டுவிட்டால் வால்வில் மூன்று குழாய்கள் இருக்க வேண்டும். என் வண்டியில் இருந்தவை இரண்டு. எப்போதோ லோடரைப் பூட்டியவர், தொட்டிக்குத் திரும்ப வேண்டிய வாயையே பின்புறத் தூக்கியோடு இணைத்துவிட்டிருந்தார். பின்னால் கனமான கருவியைத் தூக்கும்போதெல்லாம், அழுத்தம் தாங்குவதற்கென்று செய்யப்படாத அந்தப் பாதைக்குள் முழு அழுத்தமும் ஏறியிருக்கிறது. ஸ்பூலின் இரு முனைகளிலும் எண்ணெய் கசிந்து, அதில் தூசி படிந்து, கறுப்புக் களிம்பாக இறுகியிருந்ததற்குக் காரணம் இதுதான்.

பவர் பியாண்ட் வாயும், பக்கெட்டைத் தரையின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப மிதக்க விடும் நிலையும் கொண்ட புதிய இரட்டை ஸ்பூல் வால்வு ஒன்றை வாங்கி, மூன்றாவது ஹோஸை, எண்ணெய்த் தொட்டியாகவும் இருக்கும் டிரான்ஸ்மிஷன் பெட்டிக்கு இழுத்துவிட்டேன். ஒற்றை லீவரில் இப்போது தூக்குவது, கவிழ்ப்பது இரண்டும் நடக்கின்றன. இரவு தூக்கி நிறுத்திய பக்கெட் காலையில் ஒரு விரல்கடை அளவே இறங்கியிருந்தது. இந்த வண்டியில் நான் செய்த வேலைகளில், கொடுத்த காசுக்கு முழுமையாகப் பலன் தந்தது இதுவே.

பம்ப் முனகுவதும் முதல் குளிர்காலத்தில் தொல்லை கொடுத்தது. எண்ணெய் வெளிறிப் பாலைப் போலத் தெரிந்தது. இதில் பலர் குழம்புகிறார்கள்: காற்றுக் குமிழி கலந்தாலும் எண்ணெய் வெளிறும், தண்ணீர் கலந்தாலும் வெளிறும். கொஞ்சம் எண்ணெயைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்து வைத்தால், காற்றாக இருந்தால் சிறிது நேரத்தில் தெளிந்துவிடும். தண்ணீராக இருந்தால் மறுநாளும் அப்படியே இருக்கும். என்னுடையது தெளிந்தது. பம்புக்குப் போகும் உறிஞ்சு குழாயின் ரப்பர் மூட்டு வெடித்திருந்ததால் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் எண்ணெய் வெளியே சொட்டுவதில்லை, காற்றுதான் உள்ளே போகிறது. அதனால்தான் கண்ணில் படவில்லை. ரப்பரையும் கிளாம்பையும் மாற்றி, வடிகட்டியை மாற்றி, டிரான்ஸ்மிஷனுக்கும் ஹைட்ராலிக்குக்கும் குபோட்டா பரிந்துரைக்கும் யு.டி.டி. வகை எண்ணெயை ஊற்றியதும் முனகல் நின்றது.

குளிரில் கிளப்புவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தக் காலத்துக் குபோட்டாக்களின் டாஷ்போர்டில் ஒரு சிறிய கம்பிச்சுருள் இருக்கிறது. சாவியைத் திருப்பிப் பிடித்தால், எரியறையைச் சூடாக்கும் குளோ பிளக்குகளுக்குப் போகும் மின்சாரம் அதன் வழியாகவே போவதால், அது மெல்லச் சிவந்து, எஞ்சின் தயார் என்று காட்டும். எவ்வளவு அழகான ஏற்பாடு! அது மங்கலாகவே சிவந்தால் பிளக்கில் ஒன்று செத்திருக்கலாம். மூன்றையும் இணைக்கும் பட்டையைக் கழற்றி ஒவ்வொன்றாக மல்டிமீட்டரில் பார்த்தேன். இரண்டு நல்லவை, ஒன்று தொடர்பே காட்டவில்லை. மூன்றையுமே மாற்றினேன். அதற்கும் முன்பு, ஸ்டார்ட்டர் சோம்பிச் சுற்றியதற்குப் புது பேட்டரி வாங்கவிருந்தேன். எஞ்சினைச் சுற்றும் வேளையில் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே மீட்டர் வைத்தபோது ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. அரை வோல்ட்டே அதிகம். எர்த் வயரின் முனையைச் சுரண்டிப் பெயின்ட்டை நீக்கி இறுக்கியதோடு அந்தக் கதை முடிந்தது. பேட்டரி வாங்கும் செலவு மிச்சம்.

இனி மேம்பாடுகள். லோடர் தூக்குவது குறைவாக இருக்கிறது என்று அழுத்தத்துக்கு வரம்பு கட்டும் ரிலீஃப் வால்வில் ஷிம் எனும் மெல்லிய தகடு போட்டு அழுத்தத்தைக் கூட்டுகிறவர்கள் உண்டு. நான் 3,000 பி.எஸ்.ஐ. வரை காட்டும் கேஜ் ஒன்றை இணைத்துப் பார்த்து, கையேட்டில் சொன்ன அளவுக்கு அருகிலேயே இருப்பதைக் கண்டு அதைத் தொடாமல் விட்டுவிட்டேன். இவ்வளவு சிறிய வண்டியில் தூக்குதிறனுக்கு எல்லை வகுப்பது பம்ப் மட்டுமல்ல. முன் ஆக்ஸிலும், லோடர் சட்டம் பூட்டப்பட்டிருக்கும் வார்ப்பிரும்பு உடலும்தான். அவை விரிசல் விட்டால் எந்த அழுத்தமும் உதவாது.

மாறாக, பின்புறம் எடை சேர்த்தது வண்டியின் குணத்தையே மாற்றிவிட்டது. மூன்று புள்ளி இணைப்பில் கான்கிரீட் நிரப்பிய ஒரு பெட்டி, ஏறத்தாழ 350 பவுண்டு. பின் டயர்களுக்குள் சர்க்கரை பீட்ரூட்டிலிருந்து கிடைக்கும் திரவம். இது உறையாது; கால்சியம் குளோரைடைப் போல ரிம்மைத் துருப்பிடிக்கவும் வைக்காது; ஒரு கேலன் ஏறத்தாழ 11 பவுண்டு, தண்ணீரோ 8.3 பவுண்டுதான். முன்பு ஈரச் சரளையை அள்ளியதும் பின் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும், இப்போது அசையவில்லை. பின்புற எடை முன் ஆக்ஸிலின் பாரத்தைக் குறைப்பதால் ஸ்டீயரிங்கும் ஓரளவு இலகுவாயிற்று.

அடுத்து, கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்பு வளைவு. அமெரிக்காவில் 20 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களோடு இதைச் சேர்த்தே விற்பது 1985இல்தான் உற்பத்தியாளர்களிடையே பொது வழக்கமானது. 16 குதிரைத்திறன் பி7100 அந்த வரம்புக்கே கீழே இருக்கிறது. வாங்கியபோது என் வண்டியில் அது இல்லை; பிறகுதான் பூட்டினேன். பக்கெட்டை உயரத் தூக்கிக்கொண்டு சரிவில் குறுக்கே போவதுதான் சிறிய டிராக்டர் கவிழ்வதற்கு மிக எளிய வழி. நியூயார்க் மாநிலத்தில் 2006 முதல் நடந்துவரும் மானியத் திட்டம், பழைய டிராக்டருக்கு இந்த வளைவைப் பூட்டும் செலவில் 70 விழுக்காடு வரை திருப்பித் தருகிறது. வளைவோடு இருக்கை வாரையும் பூட்ட வேண்டும். வார் இல்லையென்றால் வளைவே தலையில் விழும்.

பக்கெட்டின் வாயில் போல்ட் போட்டுப் பூட்டும் பல் பட்டை, மேல் விளிம்பில் சங்கிலி மாட்ட வெல்டிங் செய்த இரண்டு கொக்கிகள், எல்.ஈ.டி. விளக்குகள் ஆகியவை சிறு செலவில் நல்ல பலன் தந்தன. விரைவாகப் பக்கெட்டை மாற்றும் இணைப்பை மட்டும் வேண்டாமென்று விட்டேன். அது பக்கெட்டைச் சில அங்குலம் முன்னே தள்ளுவதோடு தன் எடையையும் சேர்ப்பதால், ஏற்கெனவே குறைவான தூக்குதிறனில் பெரும்பங்கைத் தின்றுவிடும். டயர் மாற்றுவதிலும் எச்சரிக்கை தேவை: நான்கு சக்கர இயக்கத்தில் முன், பின் டயர்களின் சுற்றளவு விகிதம் கியரோடு பொருந்தியாக வேண்டும், ஒரு ஜோடியை மட்டும் வேறு அளவில் போட்டால் முன் ஆக்ஸிலின் பற்சக்கரங்கள் தேயும்.

வாங்குகிறவர் கவனிக்க வேண்டிய ஒன்று, ஜப்பானிலேயே பயன்பட்டு, ஜப்பானிய எழுத்து ஒட்டுக்களோடு இங்கே வந்த வண்டிகள். 1997இல் அமெரிக்கப் பன்னாட்டு வணிக ஆணையம் அப்படிப்பட்ட குபோட்டா வண்டிகள் சிலவற்றின் இறக்குமதியைத் தடுத்தது. அதற்கு முன்பே வந்தவை இன்னும் சந்தையில் சுற்றுகின்றன. அவற்றுக்கு உதிரிபாகம் தேடுவது பெரும்பாடு. இங்கே விற்பதற்கென்றே வந்த பி7100க்கு வடிகட்டி, குளோ பிளக், வாட்டர் பம்ப் எல்லாம் இன்றும் கிடைக்கின்றன.

வால்வு, ஹோஸ்கள், எடைப்பெட்டி, வளைவு எல்லாம் சேர்த்து நான்கு ஆண்டுகளில் என் செலவு 2,000 டாலரைத் தாண்டவில்லை. ஆனால் என் சனிக்கிழமைகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. மீட்டரும் கேஜும் எடுத்துச் சோதிக்கப் பொறுமை உள்ளவருக்கு இந்த வண்டியை வாங்கச் சொல்வேன். சாவியைத் திருப்பினால் வேலை நடக்க வேண்டும் என்பவருக்குச் சொல்லமாட்டேன். லோடர் மூட்டுகளின் பின்களும், அவை சுழலும் உறைகளான புஷ்களும் இன்னும் ஆட்டம் காட்டுகின்றன. பத்து மணி நேரத்துக்கு ஒருமுறை கிரீஸ் அடித்துச் சமாளிக்கிறேன். துளைகளை அகலப்படுத்திப் புதிய புஷ் அடிக்கும் வேலையைப் பனி விட்டதும் தொடங்க வேண்டும்.